உயிர்ச்சத்து மாத்திரை

உயிர்ச்சத்து மாத்திரை அல்லது பல்கூட்டு உயிர்ச்சத்து மாத்திரை (மல்டிவிட்டமின்) என்பது ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்ச்சத்துக்களையும், பெரும்பாலும் அவற்றுடன் இரும்பு, துத்தநாகம், கால்சியம் போன்ற கனிமங்களையும் சேர்த்து வாய்வழியாக உட்கொள்வதற்கென ஆக்கப்படும் குறைநிரப்பி ஆகும். பேச்சு வழக்கில் இது சத்து மாத்திரை எனப்படுகிறது. மாத்திரை, கேப்சூல், டானிக், சொட்டு மருந்து, மெல்லும் மிட்டாய் எனப் பல வடிவங்களில் இது விற்கப்படுகிறது. மருந்துக் கடைகளில் மருத்துவரின் சீட்டு இன்றியே கிடைப்பதால் இது தீங்கற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உரிய அளவில் உட்கொண்டால் இவ்வெண்ணம் பெருமளவு சரியே. அளவு மீறினால் சரியன்று. குறிப்பாக உயிர்ச்சத்து ஏ, உயிர்ச்சத்து டி, இரும்பு ஆகிய மூன்றிலும் மிகை நஞ்சாகும்.

உயிர்ச்சத்துக் குறைநிரப்பலில் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற வினாவுக்கு விடை தேடிய முதன்மையான ஆய்வுகளில் சில மதுரையைச் சேர்ந்த மருத்துவர்களால் நடத்தப்பட்டவை.

கரையும் தன்மையும் தேக்கமும்

உயிர்ச்சத்துக்கள் நீரில் கரைவன, கொழுப்பில் கரைவன என இரு வகைப்படும். பி தொகுதியும் சி-யும் நீரில் கரைவன. இவற்றின் மிகுதி பெரும்பாலும் சிறுநீருடன் வெளியேறிவிடும். பி தொகுதி மாத்திரை உட்கொண்டவரின் சிறுநீர் கடும் மஞ்சளாக மாறுவது ரைபோஃபிளேவின் (பி2) வெளியேறுவதன் அடையாளமே ஆகும். அது நோய்க்குறி அன்று. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைவன. இவற்றுள் ஏ கல்லீரலில் தங்குகிறது; டி கொழுப்புத் திசுவில் தேங்குகிறது. உடல் இவற்றை எளிதில் வெளியேற்றுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கொடுக்கப்படும் உயிர்ச்சத்து ஏ பயன் தருவதும், அதையே நாள்தோறும் உட்கொண்டால் தீங்கு விளைவதும் இந்த ஒரே பண்பினால்தான்.

மதுரையும் உயிர்ச்சத்து ஏ-யும்

உயிர்ச்சத்து ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் நோய் தோன்றும். பின்னர் விழிவெண்மையில் நுரை போன்ற பிட்டோட் புள்ளிகள் தோன்றி, கருவிழி உலர்ந்து, இறுதியில் அது குழைந்து பார்வை முற்றிலும் இழக்கப்படும். தட்டம்மை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குப் பின் இந்நிலை சில நாட்களிலேயே முற்றிவிடுவதும் உண்டு. 1970களில் தமிழகத்தில் குழந்தைகள் பார்வை இழப்பதற்கு இது முக்கிய காரணமாக இருந்தது.

மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியராக இருந்த கோ. வெங்கடசாமி, 1970களின் தொடக்கத்தில் இத்தகைய குழந்தைகளுக்கென ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றை மதுரையில் ஏற்படுத்தினார். மருந்து கொடுத்து அனுப்புவதோடு நில்லாமல், தாயையும் குழந்தையையும் தங்கவைத்து, உள்ளூரில் கிடைக்கும் கீரை, பருப்பு, தானியங்களைக் கொண்டு சமைத்து ஊட்டும் முறையைத் தாய்மாருக்குக் கற்பிப்பது அதன் நோக்கமாகும். 1976 இல் அவர் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1980 இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்டதும் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை கூடாதவர்களுக்கு மட்டும் இணையுணவு அளித்த அத்திட்டத்தில் உயிர்ச்சத்து ஏ வழங்குவதும் ஒரு பகுதியாக இருந்தது.

அரவிந்த் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி ரகமத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1990 இல் வெளியாயின. பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் 8,333 பன்னாட்டு அலகு (ஏறத்தாழ 2,500 மைக்ரோகிராம்) உயிர்ச்சத்து ஏ, சிறிதளவு உயிர்ச்சத்து ஈ-யுடன் கொடுக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு உயிர்ச்சத்து ஈ மட்டும் கொடுக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் முதல் பிரிவினரிடையே இறப்பு 54 விழுக்காடு குறைவாக இருந்தது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கும் நெடுநாள் ஊட்டம் குன்றியோருக்கும் பயன் மிகுதியாகக் காணப்பட்டது.

இங்கு கவனிக்கத்தக்கது அளவாகும். வாரத்துக்கு 8,333 அலகு என்பது மருந்தளவு அன்று. நல்ல உணவு உண்ணும் குழந்தைக்கு உணவிலிருந்தே கிடைத்திருக்க வேண்டிய அளவு. அதே ஆண்டில் ஐதராபாத் பகுதியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 இலட்சம் அலகு கொடுத்து நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. உத்தரப்பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்விலும் பயன் மிகச் சிறிதாகவே இருந்தது. சிறு அளவைச் சீரான இடைவெளியில் கொடுப்பதா, பேரளவை அரிதாகக் கொடுப்பதா என்ற விவாதத்துக்கு இம்முடிவுகள் இடமளித்தன.

அதே குழுவினர் தமிழகத்தின் இரு ஊரக மாவட்டங்களில் 11,619 பச்சிளங் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2003 இல் வெளியானது. பிறந்த முதலிரு நாட்களில் நாளொன்றுக்கு 24,000 அலகு வீதம் கொடுத்ததில், ஆறு மாதத்துக்குள் நேரும் இறப்பு 23 விழுக்காடு குறைந்தது. ஆயினும் பின்னர் இந்தியா, கானா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2015 இல் வெளியான பெரிய ஆய்வுகள் இதை ஒருமித்து உறுதிப்படுத்தவில்லை. எனவே பச்சிளங் குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து ஏ கொடுப்பதை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கவில்லை. ஓர் ஊரில் கிடைத்த நற்பயன் வேறோர் ஊருக்குப் பொருந்தாமல் போவதற்கு, அங்குள்ள தாய்மாரின் உடலில் ஏற்கெனவே எவ்வளவு உயிர்ச்சத்து இருந்தது என்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அளவும் அலகும்

1970 முதல் நடுவண் அரசு குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து ஏ வழங்கி வருகிறது. ஒன்பதாம் மாதத்தில் 1 இலட்சம் அலகும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 இலட்சம் அலகும் என ஐந்து வயது வரை ஒன்பது தவணைகளில் மொத்தம் 17 இலட்சம் அலகு என்பது இத்திட்டத்தின் கணக்கு. கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 1 இலட்சம் அலகு இருப்பதால் புட்டியுடன் வரும் கரண்டியையே பயன்படுத்த வேண்டும். 2001 நவம்பரில் அசாமில் வழக்கமான 2 மி.லி. கரண்டிக்கு மாற்றாக 5 மி.லி. கொள்ளும் கோப்பைகள் வழங்கப்பட்டதை அடுத்துக் குழந்தைகள் பலர் நோயுற்றனர், இறப்புகளும் பதிவாயின. அவற்றுக்கு மருந்துதான் காரணமா என்பது நெடுநாள் விவாதிக்கப்பட்டது. வீட்டுச் சமையற் கரண்டியால் டானிக் அளப்பவர்கள் கருதிப் பார்க்க வேண்டிய நிகழ்வு இது.

பொதியுறையில் அலகுகள் ஒரே சீராக இருப்பதில்லை. உயிர்ச்சத்து ஏ-யில் ஓர் அலகு என்பது 0.3 மைக்ரோகிராம் ரெட்டினால். உயிர்ச்சத்து டி-யில் ஓர் அலகு என்பது 0.025 மைக்ரோகிராம். வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு ரெட்டினால் 3,000 மைக்ரோகிராமை (10,000 அலகு) மிஞ்சக்கூடாது. கருவுற்ற பெண்டிருக்கு இவ்வரம்பு மிகக் கண்டிப்பானது; இதைத் தொடர்ந்து மீறினால் கருவின் உறுப்புகள் பழுதுபடக்கூடும். மாத்திரை, ஈரல், மீனெண்ணெய் மூன்றையும் சேர்த்தே இக்கணக்கைப் பார்க்க வேண்டும். கீரை, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். அதை உடல் தேவைக்கேற்பவே உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றுவதால் முருங்கைக்கீரையை எவ்வளவு உண்டாலும் இந்நச்சுத்தன்மை ஏற்படாது. பீட்டா கரோட்டின் மாத்திரை வேறு கதை. பின்லாந்தில் 1994 இலும் அமெரிக்காவில் 1996 இலும் வெளியான ஆய்வுகளில், அதை உட்கொண்ட புகைபிடிப்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாகக் கூடியது.

தற்காலத்தில் மிகுதியாகக் காணப்படும் தவறு உயிர்ச்சத்து டி-யில் நிகழ்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வயது வந்தோரின் அன்றாடத் தேவை 600 அலகு; மேல்வரம்பு 4,000 அலகு. கடைகளில் கிடைக்கும் கேப்சூலிலும் தூள் பொட்டலத்திலும் 60,000 அலகு உள்ளது. மருத்துவர் வாரம் ஒன்று எனச் சில வாரங்களுக்கு எழுதித் தருவதை நாளுக்கு ஒன்று எனத் தவறாகக் கொண்டாலோ, முடிந்த பின்னும் பழைய சீட்டைக் காட்டி வாங்கி உண்டாலோ, குருதியில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மிகுதாகம், மனக்குழப்பம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை உண்டாகும்.

நீரில் கரைவனவும் முற்றிலும் தீங்கற்றவை அல்ல. பி6 பேரளவில் மாதக்கணக்கில் உட்கொள்ளப்பட்டால் கைகால் நரம்புகள் பழுதுபட்டு மரத்துப்போகும். கால் எரிச்சலுக்கென்று அதே மாத்திரையை மேலும் வாங்கி உண்ணும் வாய்ப்பு இருப்பதால் இது எளிதில் அடையாளம் காணப்படுவதில்லை. உயிர்ச்சத்து சி நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் போனால் வயிற்றுப்போக்கும், சிலருக்குச் சிறுநீரகக் கற்களும் ஏற்படலாம்.

இரும்பு கலந்த மாத்திரைகள்

இரும்புச்சத்து மாத்திரைகள் அரசுத் திட்டங்களில் நிறத்தால் வேறுபடுத்தப்பட்டுள்ளன: 5 முதல் 9 வயது வரை வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை (45 மில்லிகிராம் இரும்பு), வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை (60 மில்லிகிராம்), கருவுற்றோருக்கு நாள்தோறும் சிவப்பு மாத்திரை.

உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் இரும்பு உட்சென்றால் நச்சுக்குறிகள் தொடங்கும். 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது வெறும் 20 நீல மாத்திரைகள். 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் பள்ளி மாணவியர் சிலர் போட்டி போட்டுக்கொண்டு இம்மாத்திரைகளை அளவின்றி விழுங்கியதில் ஒரு மாணவி இறந்தார். தொடக்கத்தில் வாந்தியும் வயிற்றுவலியும் ஏற்பட்டுப் பின் சில மணி நேரம் உடல்நலம் தேறியது போன்ற தோற்றம் உண்டாவது இந்நஞ்சின் ஏமாற்றும் இயல்பாகும். அதற்குள் கல்லீரல் பழுதுபடத் தொடங்கியிருக்கும். ஆகவே குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றினாலும் காலம் தாழ்த்தாமல் 108 ஊர்தியை அழைத்து, மாத்திரை அட்டையுடன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டில் வாந்தி எடுக்கவைக்க முயலக்கூடாது.

உணவும் பிற மருந்துகளும்

கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துக்கள் உணவுக்குப் பின் நன்கு உறிஞ்சப்படும். தேநீரும் காப்பியும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் மாத்திரைக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி தேவை. எலுமிச்சைச் சாறு இதற்கு மாறாக உறிஞ்சலைக் கூட்டும். இரும்பு உட்கொள்வோரின் மலம் கறுப்பாவது இயல்பு.

தைராய்டு மாத்திரை உட்கொள்வோர் இரும்போ கால்சியமோ கலந்த சத்து மாத்திரையை நான்கு மணி நேரம் தள்ளியே எடுக்க வேண்டும். சிப்ரோஃபிளாக்சசின், டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளின் ஆற்றலையும் இக்கனிமங்கள் குறைக்கும். இதய வால்வு மாற்றப்பட்டோர் உட்கொள்ளும் வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகியவற்றை உயிர்ச்சத்து கே முறியடிக்கும். முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோட்டின், தைராய்டு, மாரடைப்பு ஆகியவற்றுக்கான குருதிச் சோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டக்கூடும். ஆதலால் சோதனைக்கு முன் அதைப் பற்றித் தெரிவிக்க வேண்டும்.

யாருக்குத் தேவை

கருத்தரிக்க விரும்புவோருக்கும் கருவின் முதல் மூன்று மாதங்களிலும் ஃபோலிக் அமிலம் தேவை என்பதில் ஐயமில்லை. பி12 விலங்குணவிலேயே இருப்பதால் முழுச் சைவ உணவினருக்கும், நெடுநாள் மெட்ஃபார்மின் உட்கொள்ளும் நீரிழிவு நோயாளருக்கும் அது குறையக்கூடும். இவர்கள் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உட்கொண்டால் குருதிச்சோகை மறைந்து நரம்புச் சேதம் தொடரும். பிற நலமான வயது வந்தோருக்குப் பல்கூட்டு மாத்திரையால் இதய நோயோ புற்றுநோயோ தடுக்கப்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2022 இல் அமெரிக்கத் தடுப்புப் பணிகள் குழு அறிவித்தது. களைப்புக்கென்று மாதக்கணக்கில் சத்து மாத்திரை உண்பவரிடம் காசநோய், நீரிழிவு, தைராய்டுக் குறைவு ஆகியவை கண்டறியப்படாமல் தள்ளிப்போவது, மாத்திரையின் நச்சைவிடப் பெரிய இழப்பு எனலாம்.

பொதியுறை

இந்தியாவில் ஒரே கடையில் அடுத்தடுத்து இருக்கும் இரு புட்டிகள் வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டவையாக இருக்கலாம். மருந்தாக விற்கப்படுபவை மருந்துகள், ஒப்பனைப் பொருட்கள் விதிகளின் 'வி' (V) அட்டவணைப்படி அமைய வேண்டும். உணவுக் குறைநிரப்பியாக விற்கப்படுபவை உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் கீழ் வரும். அவற்றின் மேல் மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்ற வாசகம் இடம்பெற வேண்டும். இரு வகையையும் ஒருசேர உட்கொள்வோர் இரண்டிலும் உள்ள ஏ, டி, இரும்பு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலானவற்றை 25 அல்லது 30 பாகை செல்சியசுக்குக் குறைவான இடத்தில் வைக்குமாறு உறையில் குறிக்கப்பட்டிருக்கும். கோடையில் 40 பாகையை எட்டும் மதுரை போன்ற ஊர்களில் அடுப்பங்கரை அலமாரியும் வெயிலில் நிறுத்திய வண்டியும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல.