அகர்தலாவின் உடற்பயிற்சிக் கூடமும் அறுபடாத ஸனதும்

ஹதீஸ் பாடத்தில் ஸனது என்னும் அறிவிப்பாளர் தொடரை விளக்கும்போது, ‘இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார்’ என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தியின் வலிமை குன்றிவிடும் என்று மாணவர்களுக்குக் கூறுவோம். உலகக் கலைகளுக்கும் இது பொருந்தும் என்பதை எனக்கு உணர்த்தியது, நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் வளர்ந்த ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தின் வரலாறு.

திரிபுரா மாநிலத்தின் மூன்று பக்கங்களிலும் வங்கதேசம் சூழ்ந்துள்ளது. 1947 பிரிவினையால் கொல்கத்தாவுக்குச் செல்லும் நேர்வழி அடைபட்டு, அஸ்ஸாமைச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. தலைநகர் அகர்தலாவுக்கு ரயில் வந்ததே 2008இல்தான். அகல ரயில் பாதை 2016இல் திறக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரயிலைக் கண்டுவிட்ட திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அந்தத் தனிமையை எண்ணிப்பார்ப்பது கடினம்.

அங்கே ஜிம்னாஸ்டிக்ஸ் வேரூன்றக் காரணமானவர், ஹரியானாவிலிருந்து 1960களில் வந்த தலிப் சிங் என்ற பயிற்சியாளர். மொழி வேறு, உணவு வேறு, ஊரும் புதிது. ஆயினும் அவர் அங்கேயே தங்கி மாணவர்களை உருவாக்கினார். அவர்களுள் ஒருவரான மண்டு தேப்நாத் 1975ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். பிஸ்வேஸ்வர் நந்தியும் அவரிடம் பயின்றவரே. நந்தியும் அவருடைய துணைவியார் சோமா நந்தியும் பின்னர் பயிற்றுநர்களாயினர்.

வங்காளிகள் வாழும் ஊர்களில் ‘பியாயாமாகார்’ என்ற பெயரில் தெருவுக்குத் தெரு உடற்பயிற்சிக் கூடங்கள் இருப்பது பழைய வழக்கம். அகர்தலாவின் விவேகானந்தா பியாயாமாகாரும் அத்தகையதே. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். முறையான கருவிகள் கிடையா. பழைய ஸ்கூட்டர்களின் உதிரிபாகங்களைக் கொண்டு தாண்டுபலகை செய்துகொண்டார்கள். அங்கேதான் ஆறு வயதுச் சிறுமி தீபா கர்மாகர் சோமா நந்தியிடம் சேர்ந்தார். அவருக்குப் பாதங்கள் தட்டையானவை. ஓடிக் குதித்து நிலைகொள்ள வேண்டிய இக்கலைக்கு அது பெருங்குறை. இயற்கை அமைப்பு இப்படித்தான் என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவது எவ்வளவு எளிது! அவர்கள் அனுப்பவில்லை. தனிப் பயிற்சிகளால் பல ஆண்டுகள் உழைத்துப் பாதத்தைப் பழக்கினார்கள்.

ரஷ்ய வீராங்கனை யெலேனா புரொடுனோவாவின் பெயரால் வழங்கும் ஒரு தாண்டல் உண்டு. மேசையைக் கைகளால் உந்தி, காற்றில் முன்புறமாக இரண்டரைச் சுழற்சி செய்து இறங்க வேண்டும். பிழைத்தால் கழுத்து முறியும் ஆபத்து. அதைக் கொண்டு தீபா 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார். 1964க்குப் பின் எந்த இந்தியரும் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பங்கேற்றிருக்கவில்லை. 52 ஆண்டுகள் கழித்து, 2016இல் ரியோவில் தீபா களமிறங்கினார். இறுதிச் சுற்றில் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம். வெண்கலம் 0.150 புள்ளியில் கைநழுவிற்று. அகர்தலாவுக்கு அகலப்பாதை ரயில் வந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்த நேரம் அது.

அதன்பின் முழங்கால் அறுவை சிகிச்சை, தடைசெய்யப்பட்ட பொருள் உடலில் கண்டறியப்பட்டதால் 21 மாதத் தடை என்று சோதனைகள் வந்தன. புகழுரை எழுதுவோர் இதை மறைப்பர். வரலாறு எழுதுவோர் மறைத்தலாகாது. தடைக்காலம் முடிந்து திரும்பி, 2024 மே மாதம் இமாம் புகாரி (ரஹ்) பிறந்த உஸ்பெகிஸ்தான் மண்ணில், தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். இந்தியருக்கு அப்போட்டியில் கிடைத்த முதல் தங்கம் அதுவே. அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

இவ்விடத்தில் நம் வீட்டுத் தாய்மார்களின் கேள்வியை நான் அறிவேன்: அந்த உடையில் நம் பெண்பிள்ளைகளா? கேள்வி நியாயமானது. போட்டி அரங்கின் வழக்கமான உடை நம் மார்க்க வரம்புக்குள் வராது. 2021இல் டோக்கியோவில் ஜெர்மன் வீராங்கனைகள் அணிந்த, கணுக்கால் வரை மூடிய உடையும் உடலை ஒட்டியதே. ஆனால் மேடை வேறு, பயிற்சி வேறு. பெண்கள் மட்டும் இருக்கும் கூடத்தில், பெண் ஆசிரியை கற்பிக்க, தளர்ந்த ஆடையுடன் உடலை வலுப்படுத்துவதற்கு எது தடை? அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், ஒருமுறை அன்னையார் முந்தியதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. வலிமையுள்ள நம்பிக்கையாளரின் சிறப்பை மிம்பரில் ஆண்களுக்கு மட்டும் எடுத்துரைத்துப் பழகிவிட்டோம்.

நம்மிடமும் கலை இல்லாமல் இல்லை. 1755இல் ஹைதர் அலீ ஃபவ்ஜ்தாராகப் பொறுப்பேற்று, பிரெஞ்சுக்காரரின் துணையுடன் படைக்கலச்சாலை அமைத்த ஊர் இது. என் சிறுவயதில் பேகம்பூர்ப் பகுதியில் ஒரு முதியவர் அஸருக்குப் பின் சிலம்பம் கற்பிப்பார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மழை வந்தால் ஒரு வீட்டுத் திண்ணை, கட்டணம் கிடையாது. அவர் இறந்தபின் இடம் இல்லை, நிதி இல்லை என்று பெரியவர்கள் பேசினார்கள். இடமும் நிதியும் அவர் காலத்திலும் இருந்ததில்லை. உண்மையில் இல்லாமற்போனது, அவரிடமிருந்து முழுவதும் பெற்று அடுத்தவருக்குக் கொடுக்கும் ஒரு மாணவர். நானும் அரைகுறையாக விட்டு ஓதப் போய்விட்டவன்தான்.

அவரிடம் இறுதிவரை பயின்றவர் ஒருவர் மட்டும் இவ்வூரிலேயே ஆட்டோ ஓட்டுகிறார். சென்ற மாதம் அவரைச் சந்தித்து, வாரம் இரு நாள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மதரஸா முற்றத்துக்கு வர இயலுமா என்று கேட்டேன். பள்ளிக்கூடச் சவாரி முடிவதைப் பொறுத்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.