பயனர் அமர்வின் சூழல் மாறிகள்: முந்தலில் ஒரு கணினி, பல மொழிகள்

சூழல் மாறி என்பது கணினியில் இயங்கும் ஒவ்வொரு செயல்முறையும் தன்னுடன் வைத்திருக்கும் பெயரும் மதிப்புமான இணை. எந்த மொழியில் பேசுவது, எந்த நேர வலயத்தில் கடிகாரத்தைக் காட்டுவது, கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்பவற்றை மென்பொருள்கள் இவற்றிலிருந்து அறிந்துகொள்கின்றன. ஒருவர் உள்நுழைந்தது முதல் வெளியேறும் வரையுள்ள காலமே அவருடைய அமர்வு. அந்த அமர்வுக்கு இம்மாறிகளை அமைக்கும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

முந்தல், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே ஏ3 வீதியில் அமைந்த கரையோர ஊர். அதன் பிரதேசச் செயலகப் பிரிவில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். தமிழ் மீனவக் கிராமமான உடப்பு இப்பிரிவைச் சேர்ந்தது. இத்தகைய ஊரில் பாடசாலையிலோ கடையிலோ ஒரே கணினியின் முன் சிங்களம் படித்தவரும் தமிழ் படித்தவரும் மாறிமாறி அமர்வது இயல்பு. அவரவர் கணக்கில் அவரவர் மொழியை வைத்துக்கொள்ளும் வசதி பணிசெயல் முறைமைகளில் எப்போதோ வந்துவிட்டது. ஆயினும் இயந்திரம் முழுவதற்கும் ஆங்கிலத்தை வைத்துவிட்டு எல்லோரையும் அதற்குப் பழக்கும் வழக்கமே பரவலாக உள்ளது. அது தேவையற்றது.

1979இல் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் சூழல் மாறிகள் இன்றைய வடிவில் வந்தன. ஒரு செயல்முறை இன்னொன்றைத் தொடக்கும்போது தன் சூழலின் நகல் ஒன்றை அதற்குக் கொடுக்கிறது. தொடக்கப்பட்ட ‘பிள்ளை’ தன் நகலை மாற்றினால், தொடக்கிய ‘பெற்றோருக்கு’த் தெரியாது. பெற்றோர் பின்னர் மாற்றினாலும் ஏற்கெனவே பிறந்த பிள்ளைக்குப் போய்ச் சேராது. ‘மாற்றி எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்ற முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியில்தான் வந்து நிற்கும். வெளியேறி மீண்டும் உள்நுழையச் சொல்வதும் இதனால்தான்.

லினக்ஸில் எழுதும் இடங்கள் பல. ‘இடிசி’ கோப்புறையிலுள்ள ‘என்விரான்மென்ட்’ கோப்பு எல்லாப் பயனர்களுக்கும் பொது. வீட்டுக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் ‘ப்ரொஃபைல்’ கோப்பு, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரல், உள்நுழையும்போது ஒருமுறை படிப்பது. ‘பாஷ்ஆர்சி’ கோப்பை ஒவ்வொரு புதிய முனையச் சாளரமும் படிக்கும். ஆனால் மேசைத்தளப் பட்டியலிலிருந்து திறக்கும் செயலிகளுக்கு அதில் எழுதியவை எட்டுவதில்லை. தமிழ் இடைமுகம் முனையத்தில் மட்டும் வந்து, கோப்பு மேலாளரில் வராமற்போவதற்கு வழக்கமான காரணம் இது. பின்னணிச் சேவைகளை ஆளும் சிஸ்டம்டி இயங்கும் இன்றைய மேசைத்தளங்களில், வீட்டுக் கோப்புறையின் ‘கான்ஃபிக்’ பகுதியில் ‘என்விரான்மென்ட்.டி’ என்ற கோப்புறையை அமைத்து, ‘கான்ஃப்’ என முடியும் கோப்பில் வரிக்கு ஒரு மாறியாக எழுதுவது நம்பகமான வழி. குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் பணிகள் இவற்றில் ஷெல்லுக்கான கோப்புகளைப் படிப்பதில்லை. அவற்றுக்கு வேண்டியதை அவற்றின் அட்டவணையிலேயே எழுத வேண்டும்.

மொழிக்கு அடிப்படை மாறி ‘லாங்’. இலங்கைத் தமிழுக்கு அதன் மதிப்பு ‘டிஏ_எல்கே.யுடிஎஃப்-8’. நாட்டுக் குறியை ‘ஐஎன்’ என்று விட்டால் நாணயம் இந்திய ரூபாயாகிவிடும். ‘எல்சி_’ என்று தொடங்கும் மாறிகள் நாணயம், தேதி, வரிசைப்படுத்தல் ஆகியவற்றைத் தனித்தனியே ஆள்கின்றன. ‘எல்சி_ஆல்’ ‘லாங்’கையும் மற்ற ‘எல்சி_’ மாறிகளையும் மேவிவிடும். சோதனைக்குப் பயன்படுத்தலாம், நிரந்தரமாக எழுதிவைக்கக் கூடாது.

முந்தலுக்கு மிகப் பயன்படக்கூடியது ‘லாங்குவேஜ்’ என்ற மாறி. அதில் முக்காற்புள்ளியிட்டு மொழிகளை விருப்ப வரிசையில் அடுக்கலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று அடுக்கினால், தமிழாக்கம் இல்லாத செய்தி சிங்களத்தில் வரும். அதுவும் இல்லையெனில் ஆங்கிலத்தில் வரும். பக்கத்துக் கணக்கில் சிங்களத்தை முன்னே வைக்கலாம்.

வரிசைப்படுத்தலும் இங்கே கவனிக்கத்தக்கது. யுனிக்கோடு அட்டவணையில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்ததாக இடம்பெற்றுள்ளது. மொழி அமைப்பே இல்லாத ‘சி’ சூழலில் வகுப்பு இடாப்பை வரிசைப்படுத்தினால் கனகா, கமலா, கலா என்று வரும். தமிழ் நெடுங்கணக்கின்படி கமலா, கலா, கனகா என்பதே சரி. ‘எல்சி_கொலேட்’ தமிழுக்கு அமைக்கப்பட்டிருந்தால் நெடுங்கணக்கு வரிசை கிடைக்கும். ஆனால் அந்த மொழி அமைப்பு கணினியில் முன்னரே உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாதபோது மாறியை எழுதினாலும் எச்சரிக்கை மட்டுமே வரும்.

நேர வலயத்துக்கான மாறி ‘டிசெட்’. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இன்று ஒரே நேரம் என்பதால் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று எழுதுவோர் உண்டு. பழைய பதிவுகளில் அது பிழையாகும். 1996 மே மாதம் மின்சார நெருக்கடியின்போது இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்வாங்கியது. 2006 ஏப்ரல் 15இல்தான், உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பியது. 2004 டிசம்பர் 26 சுமாத்திரா நிலநடுக்கம் ‘ஏசியா/கொழும்பு’ வலயத்தில் காலை 6.58 என்றும், கொல்கத்தா வலயத்தில் 6.28 என்றும் காட்டப்படும். ஆழிப்பேரலை நாளின் ஒளிப்படங்களை நேர வரிசையில் அடுக்கும் எவருக்கும் அந்த அரை மணி நேரம் முக்கியம். இம்மாறியை ஒரே ஒரு கட்டளைக்கும் கொடுக்கலாம்: தேதிக் கட்டளைக்கு முன்னால் ‘டிசெட்=ஏசியா/கட்டார்’ என்று இட்டால், அங்கே வேலைபார்க்கும் உறவினரின் கடிகாரம் தெரியும்.

தமிழில் தட்டெழுத, இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரம் ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றுள்ளது. அதைத் தரும் ஐபஸ் உள்ளீட்டு மென்பொருளுக்குப் பழைய எக்ஸ்11 திரை முறைமையின் அமர்வுகளில் மூன்று மாறிகள் தேவைப்பட்டன. நோம் மேசைத்தளத்தில், அதற்குப் பின்வந்த வேலண்ட் திரை முறைமையின் அமர்வில் அவை பெரும்பாலும் தேவையில்லை.

வின்டோஸில் பயனர் மாறிகளும் முறைமை மாறிகளும் வெவ்வேறு பட்டியல்களில் உள்ளன. அமைப்புகள் சாளரத்திலேயே இரண்டையும் திருத்தலாம். ‘செட்எக்ஸ்’ கட்டளை மதிப்பை 1024 எழுத்துகளில் வெட்டிவிடும் என்பதால், நீளமான ‘பாத்’ மாறியை அதனால் மாற்றுவது ஆபத்து.

கடவுச்சொற்களைச் சூழல் மாறிகளில் வைப்பது தவறு. தொடங்கப்படும் ஒவ்வொரு பிள்ளைச் செயல்முறைக்கும் நகல் போவதோடு, லினக்ஸில் அதே கணக்கில் இயங்கும் வேறெந்த நிரலும் அவற்றைப் படிக்க முடியும். பலர் ஒரே கணக்கைப் பகிரும் பாடசாலைக் கணினியில், அடுத்து வந்து அமரும் மாணவரும் படிக்கலாம். ஆளுக்கொரு கணக்கும், உரிமையாளர் மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்பும் இதற்குப் போதுமான காப்பு.