ஓசி சரக்கும் ஒத்தை டாலரும்

"லாஸ் வேகாஸ் கேசினோவுல சரக்கு ஃப்ரீதானே, அப்புறம் எதுக்கு அந்தம்மா தட்டுல ஒரு டாலர் வைக்கணும்?"

ஆன்சைட் போன நம்ம ஆளுங்க கும்பலா கார் எடுத்துக்கிட்டு வேகாஸ் கிளம்பும்போது யாராவது ஒருத்தர் கட்டாயம் கேக்குற கேள்வி. நியாயமான கேள்விதான். "அது இந்த ஊர் மரியாதைப்பா"ன்னு ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நோண்டிப் பார்த்தா அந்த ஒத்தை டாலருக்குப் பின்னாடி நூத்தம்பது வருஷக் கதை இருக்கு. முதலாளி, வரித்துறை, நீதிமன்றம், மெஷின்னு ஆளாளுக்கு அது மேல கை வச்ச கதை.

முதல்ல போகாதவங்களுக்காக நடைமுறை. ஸ்லாட் மெஷின் முன்னாடியோ சீட்டு மேஜையிலோ உக்காந்து ஆடிக்கிட்டு இருந்தா, கையில தட்டோட ஒரு பெண்மணி, நம்ம ரயில்ல "காப்பி காப்பி"ங்கற மாதிரி, "காக்டெயில்ஸ்... காக்டெயில்ஸ்"னு குரல் கொடுத்துக்கிட்டே வருவாங்க. வேணுங்கறதைச் சொன்னா கொஞ்ச நேரத்துல வந்துடும். பில் கிடையாது. கிளாஸை எடுத்துக்கிட்டு தட்டுல ஒரு டாலர் வைக்கணும். சிப்ஸாவும் வைக்கலாம் (சூதாட்ட வில்லைங்க, உருளைக்கிழங்கு இல்ல). வெறும் சோடா வாங்கினாலும் அதே கணக்குதான், அவங்களுக்கு நடை ஒண்ணுதானே. வைக்கலைன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. அடுத்த ரவுண்டு மட்டும் வரவே வராது :-)

ஓசிங்கற வார்த்தையே கம்பெனி ஆட்சிக் காலத்துல தபால்ல குத்தின 'ஆன் கம்பெனி சர்வீஸ்' முத்திரையிலேர்ந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. நிஜமோ கதையோ, வேகாஸ் சரக்குக்கு அது அப்படியே பொருந்தும். ஒரு சுழற்றுக்கு 75 சென்ட், மணிக்கு 500 சுழற்று, நூத்துக்குப் பத்து கம்பெனிக்குன்னு வச்சுக்குங்க. ஒரு மணி நேரத்துல சராசரியா 37.50 டாலர் போயிருக்கும். அதுல ஒரு பீர் கம்பெனி செலவு. எழுந்து போகாம உக்கார வைக்கிறதுக்கு அதைவிட மலிவான வழி இருக்கா என்ன? ஆக, சரக்கு கம்பெனி கணக்கு. அதைச் சுமந்துக்கிட்டு வர்ற உழைப்புல ஒரு பங்கு மட்டும் நம்ம கணக்கு. இந்த ஏற்பாடு எங்கேர்ந்து வந்தது?

டிப்ஸ்ங்கறது ஏதோ ஆங்கிலச் சொற்களோட முதலெழுத்துச் சுருக்கம்னு ஃபார்வர்ட் மெயில்ல படிச்சிருப்பீங்க. கட்டுக்கதை. அது 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல திருடர்கள் பேச்சுல 'கொடு, கைமாத்து'ங்கற அர்த்தத்துல புழங்கின சொல். ஐரோப்பாவுல எஜமானர்கள் வேலைக்காரங்களுக்குக் கொடுத்த இனாம்தான் கடல் தாண்டி அமெரிக்கா வந்தது. உள்நாட்டுப் போர் முடிஞ்சு அடிமை முறை ஒழிஞ்சதும் அதுக்குப் புது உபயோகம் கண்டுபிடிச்சாங்க. 1867-ல ஆரம்பிச்ச புல்மேன் கம்பெனி, ரயில் தூங்கும் பெட்டிகள்ல வேலை பார்க்க விடுதலையான கறுப்பின ஆண்களை வேலைக்கு எடுத்துச்சு. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகிட்ட வாங்கிக்கோ. அதாவது சம்பளம் கொடுக்கற பொறுப்பையே முதலாளி வாடிக்கையாளர் தலையில கட்டியாச்சு. அந்தத் தொழிலாளிகள் 1925-ல சங்கம் கட்டி, பன்னெண்டு வருஷம் போராடி, 1937-லதான் கம்பெனியோட ஒப்பந்தம் போட முடிஞ்சது.

நடுவுல அமெரிக்காவுலயே டிப்ஸுக்கு எதிர்ப்பு இருந்ததுங்கறது பலருக்கும் தெரியாது. ஜனநாயக நாட்டுல கை நீட்ட வைக்கிறது அடிமைப் புத்தின்னு சொல்லி, 1909-ல வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செஞ்சது. இன்னும் சில மாநிலங்களும் சேர்ந்துக்கிச்சு. ஒண்ணும் நடக்கல. 1926-க்குள்ள அத்தனை சட்டமும் காலி. பிற்பாடு, 1966-ல, குறைந்தபட்சச் சம்பளத்துல பாதி வரைக்கும் டிப்ஸாலயே ஈடுகட்டிக்கலாம்னு மத்திய சட்டமே முதலாளிக்கு அனுமதி கொடுத்துடுச்சு. டிப்ஸ் வாங்கற தொழிலாளிக்கு முதலாளி ரொக்கமா கொடுக்க வேண்டிய மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லேர்ந்து அதே 2.13. டிப்ஸ் சேர்த்தும் 7.25 வரலைன்னா மிச்சத்தை முதலாளி போடணும், அவ்வளவுதான்.

இப்ப நெவாடாவுக்கு வருவோம். 1931-ல அங்க சூதாட்டம் சட்டபூர்வமாச்சு. 1941-ல இன்னிக்கு ஸ்ட்ரிப்னு சொல்ற சாலையில முதல் ஹோட்டல்-கேசினோ எல் ராஞ்சோ வேகாஸ், 1946 டிசம்பர்ல ஃபிளமிங்கோ. (பக்ஸி சீகல் கதைக்குத் தனிப் பதிவு வேணும், ஆறு மாசத்துல ஆளைச் சுட்டுட்டாங்க.) அந்தக் கால நெவாடா கேசினோவுல புழங்கினது நிஜ வெள்ளி டாலர் நாணயம். ஆடறவன் கையில எப்பவும் டாலர் டாலரா நாணயம் இருக்கும், ஒண்ணை எடுத்துத் தட்டுல போட யோசிக்கவே வேணாம். 1964-ல அரசுக் கருவூலம் வெள்ளி டாலர் கொடுக்கறதை நிறுத்தினதும் கேசினோக்கள் தாங்களே டோக்கன் அடிச்சு ஓட்டினாங்க. ஆக, வெள்ளி போனாலும் கையில டாலர் வில்லை இருந்தது.

ஆனா அந்தத் தட்டைத் தூக்கற வேலை எல்லாருக்கும் கிடைக்கல. 1960 வரைக்கும் ஸ்ட்ரிப் கேசினோக்கள்ல கறுப்பினத்தவர் விருந்தாளியாக்கூட நுழைய முடியாது. வேலைன்னா ரூம் சுத்தம் பண்றது, சமையல்கட்டு, அதாவது டிப்ஸ் கண்ணுல படாத வேலை. கதவு திறந்த பிறகும் டிப்ஸ் வர்ற வேலைகளுக்கு 1971-ல நீதிமன்ற ஆணை ஒண்ணு வேண்டியிருந்தது. ஹோட்டல்காரங்க மட்டும் இல்ல, சங்கங்களும் அதுல கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சங்கத்தைப் புகழறதுக்கு முன்னாடி இதையும் சொல்லிடணும்.

அடுத்து வர்றார் வரித்துறை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம். கேசினோ பாஷையில டீலருக்குக் கொடுக்கற டிப்ஸுக்கு 'டோக்'னு பேரு. 1970-கள்ல ஒரு டீலர் கோர்ட்டுக்குப் போனார். "இது சம்பளம் இல்லைங்க, அன்பளிப்பு. அன்பளிப்புக்கு வரி கிடையாது"ன்னார். வாதம் லேசுப்பட்டதில்ல. டீலர் ஆட்டக்காரனுக்கு எந்தச் சலுகையும் செய்யக்கூடாது, பத்துல ஒருத்தன்கூட டோக் கொடுக்கறதில்ல, கொடுக்கறவனும் ஜெயிச்ச குஷியிலயோ மூடநம்பிக்கையிலயோ கொடுக்கறான். கீழ்க் கோர்ட்டுல ஜெயிச்சுட்டார். 1976-ல மேல்முறையீட்டுல கவுந்தது. நீதிபதிகள் சொன்னதோட சாரம் இதுதான்: அதிர்ஷ்ட தேவதைக்கு 'பல மடங்கா திருப்பிக் கொடு தாயே'ன்னு போடற காணிக்கையை எப்படி எதிர்பார்ப்பில்லாத அன்பளிப்புன்னு சொல்றது? நேர்த்திக்கடனும் வருமானம்தான், கட்டு வரியை. நம்ம ஊர் உண்டியல் தத்துவத்தை அமெரிக்க நீதிபதிகள் இவ்வளவு சுருக்கமா புரிஞ்சுக்கிட்டது ஆச்சரியம்தான்.

அந்த வழக்கு டீலருக்கு. பரிமாறுறவங்களுக்குப் பொறி 1982 சட்டத்துல வந்தது. பெரிய ஹோட்டல், பார்கள்ல தொழிலாளிகள் காட்டற டிப்ஸ் மொத்த விற்பனையில நூத்துக்கு எட்டை எட்டலைன்னா, குறையறதை முதலாளியே அவங்க பேர்ல பிரிச்சு எழுதி அரசுக்குத் தெரிவிக்கணும். சரி, ஓசி சரக்குக்குத்தான் விற்பனையே இல்லையே? விடுவாங்களா. முதலாளி நிரப்ப வேண்டிய 8027-ம் நம்பர் படிவத்தோட விளக்கக் குறிப்புல கேசினோவைப் பேர் சொல்லியே எழுதியிருக்கு: அங்க இலவசச் சரக்குக்கும் டிப்ஸ் வைக்கிறது வழக்கம், அதனால அதோட சில்லறை விலையையும் விற்பனையில சேர்த்துக்கணும். அதாவது நமக்கு ஃப்ரீ, தட்டு தூக்கறவங்களோட வரிக் கணக்குல விலை உண்டு! நாம டாலர் வைக்காம கிளாஸை எடுத்துக்கிட்டாலும் வச்ச மாதிரிதான் அந்தக் கணக்கு ஓடும்.

இந்தக் குடைச்சல் தாங்காம வந்ததுதான் டிப்ஸ் விகித ஒப்பந்தம். எந்த கேசினோ, எந்த ஷிப்டு, என்ன வேலைங்கறதைப் பொறுத்து மணிக்கு இவ்வளவு டிப்ஸ்னு வரித்துறையும் கேசினோவும் பேசி ஒரு தொகை வைக்கும். கையெழுத்துப் போட்ட தொழிலாளி அந்தத் தொகைக்கு வரி கட்டினா, டிப்ஸ் விஷயத்துல தோண்டித் துருவ மாட்டாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு லாபம், ஈயாடற ராத்திரிக்கு நஷ்டம்.

இவ்வளவுக்கும் நடுவுல வேகாஸ்ல இந்த வேலை தாக்குப்பிடிச்சதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு சட்டம்: டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க நெவாடாவுல அனுமதி இல்ல. 2024 ஜூலையிலேர்ந்து அங்க குறைந்தபட்சம் 12 டாலர், தட்டு தூக்கறவங்களுக்கும் சேர்த்து. இன்னொண்ணு 1935-லேர்ந்து இருக்கற கலினரி சங்கம், லோக்கல் 226. ஸ்ட்ரிப்போட பெரும்பாலான காக்டெயில் சர்வர்கள் அதுல உறுப்பினர். 1984-ல ஊரையே நிறுத்தின வேலைநிறுத்தம் ஒண்ணு. அதைவிடப் பெரிசு ஃபிரான்டியர் கேசினோ வாசல்ல நடந்தது: 1991 செப்டம்பர்லேர்ந்து 1998 ஜனவரி வரைக்கும், ஆறு வருஷம் நாலு மாசம், 550 பேர்ல ஒருத்தர்கூட மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குத் திரும்பல. டிப்ஸ் வாங்கறவங்களுக்கு எதுக்கு சங்கம்னு கேக்கறவங்களுக்கு: எந்தப் பகுதி, எந்த ஷிப்டுங்கறதுதான் டிப்ஸைத் தீர்மானிக்குது. அதைப் பணிமூப்புப்படி கொடுக்கணுமா, சூப்பர்வைசருக்குப் பிடிச்ச முகத்துக்குக் கொடுக்கணுமாங்கறதுதான் சண்டையே. மருத்துவக் காப்பீடும் எந்தத் தட்டுலயும் விழாது.

சங்கம் பலமா இல்லாத இடத்துல என்ன ஆகும்னு பார்க்க 2006-ஐப் பாருங்க. வின் லாஸ் வேகாஸ்ல டீலர்களோட டோக் உண்டியல்லேர்ந்து சூப்பர்வைசர்களுக்கும் பங்குன்னு நிர்வாகம் முடிவு பண்ணுச்சு. டீலர்கள் அடுத்த வருஷமே சங்கத்துக்கு ஓட்டுப் போட்டாங்க, வழக்குப் போட்டாங்க. 2013-ல மாநில உச்ச நீதிமன்றம் கம்பெனி செஞ்சது செல்லும்னு சொல்லிடுச்சு. முதலாளி தன் பைக்குள்ள போட்டுக்கக்கூடாது, ஆனா ஊழியர்களுக்குள்ள எப்படிப் பிரிக்கறதுன்னு அவர் சொல்லலாமாம். சூப்பர்வைசர் சம்பளம் யார் பொறுப்புன்னு மட்டும் கேக்கப்படாது.

கடைசியா மெஷின். 2000-த்துக்கு அப்புறம் ஸ்லாட்டுல நாணயத்துக்குப் பதிலா பார்கோடு போட்ட காகிதச் சீட்டு வந்தது. நாணயக் குவளை போச்சு, சில்லறை மாத்திக் கொடுத்த பெண்களோட வேலையும் கூடவே போச்சு. 43 டாலர் 17 சென்ட்னு அச்சடிச்ச சீட்டைக் கிழிச்சா தட்டுல போட முடியும்? 2016 வாக்குல சில கேசினோ பார்கள்ல நீங்க போதுமான அளவு ஆடியிருக்கீங்களான்னு மெஷினே விளக்கு போட்டோ சீட்டு கொடுத்தோ சொல்ல, அப்புறம்தான் ஓசி சரக்கு. ஆக, போறதுக்கு முன்னாடி ஒரு கட்டு ஒத்தை டாலர் நோட்டு மாத்தி வச்சுக்குங்க. 1980-ல ஒரு டாலர் வாங்கினதை இன்னிக்கு வாங்கக் கிட்டத்தட்ட நாலு டாலர் வேணும். ரெண்டு வச்சாலும் அந்தக் காலத்து டாலருக்குப் பாதிதான்.

2024 ஜூன்ல டிரம்ப் வேகாஸ் கூட்டத்துல 'டிப்ஸுக்கு வரி இல்ல'ன்னு அறிவிச்சார், 2025 ஜூலையில சட்டமும் ஆச்சு. முழு விலக்கு இல்ல. 2025 முதல் 2028 வரைக்கும் வருஷத்துக்கு 25,000 டாலர் வரை டிப்ஸை மத்திய வருமான வரியிலேர்ந்து கழிச்சுக்கலாம். சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் வழக்கம்போல உண்டு. அதே கேசினோவோட சமையல்கட்டுல அந்தக் கிளாஸைக் கழுவறவங்களுக்கு, டிப்ஸ்ல பங்கு வராத வரைக்கும், இதுல ஒரு சென்ட் பிரயோஜனம் இல்ல.

கோவா, மக்காவ், சிங்கப்பூர்னு கேசினோ பார்த்த மக்கள், அங்கெல்லாம் தட்டுல என்ன விழுது, அது யார் கைக்குப் போய்ச் சேருதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.