பள்ளிக்குக் கொடுத்த கைகள் – கொல்லிமலையை முன்வைத்து

பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. கடையெழு வள்ளல்களின் பெயர்களைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவர்கள் குறைவு. இவர்களில் கடைசியாகச் சொல்லப்பட்ட ஓரி ஆண்ட மலைதான் கொல்லிமலை. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஒவ்வோர் ஆடி மாதமும் வல்வில் ஓரி விழா நடக்கிறது. பாட வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவன் என்று சங்கப் புலவர்கள் அவனைப் புகழ்ந்தார்கள்.

ஆனால் ஒரு வள்ளலின் பெயரால் அறியப்படும் இந்த மலையின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்ற ஒன்று எப்படி வந்தது? அதற்குப் பணம் கொடுத்தது யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், தமிழ்நாட்டில் பொதுப் பள்ளிக்கு நன்கொடை திரட்டிய வரலாறு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

வரிக்கும் கொடைக்கும் நடுவில்

தமிழ்நாட்டில் கல்விக்குக் கொடை என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் பச்சையப்ப முதலியார். அவர் 1794இல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்து நீண்ட காலம் வழக்கில் கிடந்தது. கடைசியில் அந்த அறக்கட்டளைப் பணத்திலிருந்து 1842இல் சென்னையில் பள்ளிக்கூடம் தொடங்கியது. தனி மனிதர் விட்டுச் சென்ற அறப்பணம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனதற்கு இது பெரிய எடுத்துக்காட்டு.

1854இல் வந்த உட்ஸ் அறிக்கை இன்னொரு வழியைக் காட்டியது. தனியார் ஒரு பள்ளியை நடத்தினால் அரசு அதற்கு மானியம் தரும். இன்றும் "அரசு உதவி பெறும் பள்ளி" என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்க்கிறோமே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. பிறகு 1863இல் சென்னை மாகாணத்தில் ஒரு கல்விச் சட்டம் வந்தது. ஊரார் விரும்பினால் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டு பள்ளி நடத்தலாம் என்றது அந்தச் சட்டம். அது பரவலாக எடுபடவில்லை. 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்த பிறகு சாலை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றுக்கு உள்ளூர் நிதி என்ற ஏற்பாடு உருவானது.

இந்த மூன்று வழிகளையும் கவனித்தால் ஒன்று தெரியும். முதல் வழிக்கு ஒரு பணக்காரர் வேண்டும். இரண்டாவது வழிக்கு ஏற்கனவே பள்ளி நடத்தும் ஒருவர் வேண்டும். மூன்றாவது வழிக்கு வரி கட்டும் வசதியுள்ள ஊர் வேண்டும். கொல்லிமலையில் அன்று இந்த மூன்றுமே இல்லை. மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். (கேரளத்து மலையாளிகள் அல்ல. பெயர்தான் ஒன்று.) சாமையும் ராகியும் விளைவித்துச் சாப்பிட்டவர்கள். மேலே போக வண்டிச் சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், அல்லது டோலியில் தூக்கிப் போக வேண்டும். காட்டுக் காய்ச்சல் என்று மலேரியாவுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் மலையேறவே தயங்கினார்கள்.

வெளியிலிருந்து வந்த முதல் பணம்

அந்த நிலையில் மலையேறியவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலத் தம்பதியர். இருவரும் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். 1913இல் திருமணம் முடித்துக் கொல்லிமலைக்கு வந்து வாழவந்தி என்ற இடத்தில் குடியேறினார்கள். மருத்துவமும் பார்த்தார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள், தச்சு வேலையும் கற்றுக் கொடுத்தார்கள். மிஷன் பணிக்கான பணம் இங்கிலாந்துச் சபை மக்களின் காணிக்கையிலிருந்து வந்தது. கொல்லிமலையை ஒருபோதும் பார்க்காதவர்கள் போட்ட காசில் கொல்லிமலைப் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள்.

1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் அதன் பிறகும் இந்தியாவில் பணியைத் தொடர்ந்தார். வயதாகி மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் தன் பொறுப்பிலேயே மீண்டும் மலைக்குப் போனார். பக்கத்து மலைகளுக்கும் மட்டக் குதிரையில் ஏறிப் போய் வேலை செய்தார். 1974இல், தம் 95ஆம் வயதில் இறந்தார். இவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர். பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற மருத்துவர் அவரே.

இவர்கள் நோக்கத்தில் மதமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே போல், அன்றைய அரசு கவனிக்காத பிள்ளைகளை இவர்கள் கவனித்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இங்கே பார்க்க வேண்டியது வேறு. ஓரிருவரின் உழைப்பையும் தூர தேசத்துக் காணிக்கையையும் நம்பி நடக்கும் பள்ளி, அந்த ஓரிருவர் போனதும் என்னாகும்? தனிக் கொடையின் பலவீனம் இதுதான். கொடுப்பவர் இருக்கும் வரைதான் கொடை.

ஊர் கூடி இழுத்த தேர்

சுதந்திரத்துக்குப் பிறகு, காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் (1954–1963) இதற்கு ஒரு புதிய விடை கிடைத்தது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது அது முழுக்க ஊரார் கொடுத்த அரிசி, பருப்பு, காய்கறியில்தான் நடந்தது. 1957இல் அரசு மானியம் கொடுக்க முன்வந்தது. செலவில் 60 சதவீதம் அரசு, மீதி 40 சதவீதம் ஊர் என்று ஏற்பாடு.

அடுத்து 1958இல் திருவள்ளூருக்குப் பக்கத்தில் உள்ள கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் பிறந்தது. இதன் செயல்முறை மிக எளிது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். கட்டடம், விளையாட இடம், கரும்பலகை, கடிகாரம், தேசப்படம், தண்ணீர்ப் பானை, சாப்பாட்டுத் தட்டு, சீருடை என்று பட்டியல் நீளும். பிறகு ஊருக்குள் போய், இதை நீங்கள் தருகிறீர்களா, அதை நீங்கள் தருகிறீர்களா என்று கேட்க வேண்டும். கடைசியில் மாநாடு. கொடுத்தவர்களின் பெயர் மேடையில் சொல்லப்படும். முதல்வரே வந்து பாராட்டுவார். மாநிலம் முழுவதும் இப்படி மாநாடுகள் நடந்து, சேர்ந்த நன்கொடைகளின் மதிப்பு கோடிகளைத் தாண்டியது. சுந்தரவடிவேலுவுக்கு 1961இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த இயக்கத்தின் பெருமை பணத்தில் மட்டும் இல்லை. "கவர்மெண்டு பள்ளிக்கூடம்" என்று சொல்லி வந்த ஊரார் "எங்க பள்ளிக்கூடம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். தான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் ஓடுகிறதா என்று ஒருவர் எட்டிப் பார்ப்பார் அல்லவா? அந்தப் பார்வைதான் பள்ளிக்குப் பெரிய காவல்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வயல் செழித்த ஊரிலும் வணிகர்கள் இருக்கும் ஊரிலும் பட்டியல் சீக்கிரம் நிறையும். எல்லோரும் ஒரே மாதிரி ஏழைகளாக இருக்கும் மலைக்கிராமத்தில் யாரிடம் போய்க் கேட்பது? ஊர்ப் பங்கு 40 சதவீதம் என்பது சமவெளிக்கு ஒரு கணக்கு, மலைக்கு வேறு கணக்கு. இல்லாத ஊருக்குத்தான் அதிகம் வேண்டும். இல்லாத ஊரால்தான் கொடுக்க முடியாது. இதனால்தான் பழங்குடிப் பகுதிகளில் அரசே முழுச் செலவையும் ஏற்கும் உண்டு உறைவிடப் பள்ளிகள் தேவைப்பட்டன. கொல்லிமலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பல உள்ளன. செங்கரையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் இருக்கிறது.

அறக்கட்டளைக் காலம்

2000க்குப் பிறகு காட்சி மாறியது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2013இன் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. கல்வியும் அதில் அடக்கம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 2022 டிசம்பர் 19 அன்று சென்னையில் தொடங்கப்பட்ட "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" திட்டம் புரியும். அன்று முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் தம் சொந்தப் பணம் 5 லட்சம் ரூபாயைக் கொடுத்துத் தொடங்கி வைத்தார். டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் தலைவராகவும், சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் விளம்பரத் தூதராகவும் அறிவிக்கப்பட்டார்கள். லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பின் வழியாக முன்னாள் மாணவர்கள், வெளிநாட்டுத் தமிழர்கள், நிறுவனங்கள் என யார் வேண்டுமானாலும் ஒரு அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதன் தேவைக்குப் பணம் தரலாம். கடம்பத்தூர்ப் பட்டியல்தான் இது. காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கில் விழும் மலை

பள்ளிகளுக்கு அரசு தரும் மானியத்தையும் இங்கே பார்க்க வேண்டும். சமக்ர சிக்ஷா திட்டம் 2018இல் வந்தபோது பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து வகுக்கப்பட்டது. மிகச் சிறிய பள்ளிக்கு ஆண்டுக்குச் சில ஆயிரங்கள், ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு 1 லட்சம் ரூபாய். தலைக்கு இவ்வளவு என்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மலைக்கிராமங்கள் சிதறிக் கிடப்பவை. பள்ளிகளும் சிறியவை. மழை எல்லாக் கூரையிலும் ஒரே மாதிரிதான் பெய்யும், இருபது பிள்ளைகள் என்பதற்காகக் குறைத்துப் பெய்யாது. போதாததற்குச் சமவெளியில் வாங்கிய சிமெண்ட் மூட்டை காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் யார் கணக்கில்?

நன்கொடையிலும் இதே கதைதான். பெரிய நகரத்துப் பள்ளிக்கு அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் முன்னாள் மாணவர்கள் இருப்பார்கள். பக்கத்திலேயே தொழிற்சாலை இருக்கும். கொல்லிமலைத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்களில் பலர் மிளகுத் தோட்டத்திலும் காபித் தோட்டத்திலும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் பள்ளி மேல் பாசம் உண்டு. பணம்தான் இல்லை. ஆகவே கொடுப்பவரே பள்ளியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று மட்டும் விட்டால், ஏற்கனவே நான்கு பேருக்குத் தெரிந்த பள்ளிக்கே ஐந்தாவது ஆளும் கொடுப்பார்.

இதைச் சரி செய்ய வழி இல்லாமல் இல்லை. வரும் நன்கொடையில் ஒரு பங்கைப் பொதுவாக எடுத்து வைத்து, யாரும் தேர்ந்தெடுக்காத மலைப் பள்ளிகளுக்கு ஒதுக்கலாம். மலைப் பள்ளிக்குப் போக்குவரத்துச் செலவைத் தனியாகச் சேர்த்துக் கொடுக்கலாம். என்ன வேண்டும் என்பதை மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களிடமே கேட்கலாம். ஸ்மார்ட் போர்டு வேண்டுமா, முதலில் கழிவறைக்குத் தண்ணீர் வேண்டுமா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வள்ளல்களைப் புகழ்வது தமிழ் மரபு. அதில் தவறில்லை. ஆனால் ஓரி யாருக்குக் கொடுத்தான் என்று பாருங்கள். தன்னைத் தேடி வந்து பாடியவர்களுக்குக் கொடுத்தான். பாட வராதவர்கள் என்ன பெற்றார்கள் என்று எந்தப் பாட்டிலும் இல்லை. கேட்கத் தெரியாத, கேட்க ஆளில்லாத பள்ளிக்கும் கிடைப்பதற்குத்தான் சட்டமும் வரியும் அரசும் இருக்கின்றன. நன்கொடை அதற்கு மேல் வரட்டும், அதற்குப் பதிலாக வர வேண்டாம். நூறு ஆண்டுக்கும் மேலான இந்த வரலாற்றிலிருந்து கொல்லிமலை நமக்குச் சொல்லித் தரும் பாடம் இதுவே.