கடிவாளம் தளரும் கணம்: குதிரைப் பழக்கலில் மென்முறைகளின் வரலாறு

நேப்பிள்ஸ் நகரில் 1550இல் பெடெரிகோ கிரிசோனே என்ற பிரபு குதிரையேற்றம் பற்றி ஒரு நூலை அச்சிட்டார். முரண்டு பிடிக்கும் குதிரையின் வாலடியில் முள்ளெலியைக் கட்டுவது, நீண்ட கழியின் நுனியில் பூனையை மல்லாக்கக் கட்டிக் குதிரையிடம் நீட்டுவது, பின்னால் தீயைக் காட்டுவது என்று அதில் வரும் தண்டனைகளைப் படித்தவர்கள் கிரிசோனேயைக் கொடூரத்தின் அடையாளமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் குதிரையைத் தட்டிக்கொடுக்கச் சொல்லும் பக்கங்களும் அதே நூலில் உண்டு. பழைய கிரேக்கரான ஜெனோபோனின் சாயலும் உண்டு. அடியில் தொடங்கி அன்புக்கு வந்து சேர்ந்தோம் என்று நேர்கோடாக எழுதப்படும் வரலாறு இங்கேயே இடறுகிறது. மென்முறை பலமுறை தெரிந்திருந்தது, பலமுறை கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதற்கு என்ன காரணம், திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் மென்மை என்று எதைக் கருதினார்கள் என்பவையே இக்கட்டுரை எழுப்பும் கேள்விகள்.

ஜெனோபோன் ஏதென்ஸைச் சேர்ந்த படைவீரர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய குதிரையேற்ற நூல், தமக்கு முன் சைமன் என்பவர் எழுதியதைச் சொல்லிக்கொண்டே தொடங்குகிறது. கோபத்தோடு குதிரையை நெருங்கக் கூடாது என்கிறார். ஒரு பொருளைக் கண்டு மிரளும் குதிரையை அடித்தால், வலியும் அந்தப் பொருளிலிருந்தே வருவதாக அது எடுத்துக்கொள்ளும் என்று காரணமும் காட்டுகிறார். பசி, தாகம், ஈத்தொல்லை ஆகியவை தனிமையோடும், தீனி, தண்ணீர், ஆசுவாசம் ஆகியவை மனிதரோடும் சேர்ந்து குட்டியின் மனத்தில் பதிய வேண்டும். லாயக்காரனுக்கு அதுதான் வேலை. கேட்டதைச் செய்த குதிரைக்கு உடனே ஓய்வு தர வேண்டும். இதில் கருணையைவிடக் கணக்கே அதிகம் என்பது என் வாசிப்பு. கிரேக்கரிடம் அங்கவடி கிடையாது. கையில் ஈட்டியோடு, கால் ஊன்ற இடமில்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்குக் குதிரையின் எதிர்ப்பு உயிராபத்து.

பிரான்சில் இந்தச் சிந்தனை மீண்டும் தலையெடுத்தபோது பின்னணி வேறு. இத்தாலியில் பயின்று வந்த அந்துவான் தெ புளுவினெல் 1594இல் பாரிஸில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். 13ஆம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்தவர் அவர்தான். அவர் இறந்தபின் 1623இல் வெளிவந்த நூல், அடியைக் கடைசி வழியாக வைக்கிறது. குதிரையின் கால்களை வதைக்காமல் அதன் அறிவுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. 1733இல் தம் பெருநூலை வெளியிட்ட கெரினியேர், குதிரை சரியாகச் செய்த நொடியில் கையைத் தாழ்த்தி லகானை விட்டுக்கொடுப்பதை ஒரு தனி நுட்பமாகவே எழுதிவைத்தார். வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி இன்றும் அவரையே ஆசானாகக் கொள்கிறது. ஆனால் இவை அரண்மனைக் குதிரைகள். ஒரு குதிரைக்குப் பல ஆண்டுகள் செலவிட அங்கே ஆளும் பணமும் இருந்தன.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கில் கணக்கு தலைகீழாகிறது. காட்டுக்குதிரைகள் மலிவு; ஆள்கூலியும் நாட்களும்தான் விலை உயர்ந்தவை. தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி வருபவர், கயிறு வீசிப் பிடித்து, சேணத்தை இறுக்கி, குதிரை துள்ளி ஓயும்வரை முதுகில் ஒட்டிக்கொள்வார். சில நாட்களில் அடுத்த பண்ணைக்குப் போய்விடுவார். அவரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் வரலாறு எளிதாகிவிடும். கூலி பேசிய விதமே அந்த முறையை உருவாக்கியது. பக்கத்தில் கலிபோர்னியாவில், ஸ்பானியப் பரம்பரையில் வந்த வாகேரோ மாட்டுக்காரர்கள் குதிரையின் வாயில் இரும்பு வைக்காமல் மூக்குப்பட்டையில் தொடங்கி, பிறகு இரட்டை லகான், கடைசியாகக் கடிவாளம் என்று பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கடைசிக் கடிவாளம் பார்க்கவே அச்சமூட்டும் ஒன்று. அதை இழுக்காமல் ஓட்டத் தெரிவதுதான் அங்கே தேர்ச்சி.

இடையில் ஒரு காட்சிக்காரர். ஒஹாயோவைச் சேர்ந்த ஜான் ராரி, குதிரையின் அச்சம் அறியாமையிலிருந்து வருகிறது என்று 1856இல் ஒரு சிறுநூலில் எழுதினார். 1858இல் விண்ட்சரில் விக்டோரியா மகாராணி முன்னிலையில் குதிரைகளைப் பழக்கிக் காட்டினார். இரும்பு வாய்ப்பூட்டோடு அடைத்து வைக்கப்பட்டிருந்த குரூஸர் என்ற பொலிகுதிரையைச் சில மணி நேரத்தில் சாதுவாக்கியதும் லண்டன் அவரைக் கொண்டாடியது. முறையை ரகசியமாகக் கற்க ஆளுக்கு 10 கினி கட்டணம். அந்த ரகசியத்தில் மந்திரம் ஏதும் இல்லை. முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டுவார், மற்றதையும் வாரால் இழுப்பார். போராடிக் களைத்துக் குதிரை படுத்துவிடும். பிறகு உடல் முழுவதும் தடவிக்கொடுப்பார். சாட்டை இல்லை என்பதால் அக்காலம் அதை மென்மை என்றது. தப்ப வழியே இல்லாத விலங்கு ஓய்ந்து கிடப்பதை அமைதி என்று இன்று யாரும் எளிதில் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அடிக்காமல் முடியும் என்று கூட்டத்தின் முன் காட்டியவர் அவர்தான். அந்தப் பெருமையைப் பறிக்க வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் திருப்பம் ஆரெகன் மாநிலப் பண்ணைக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்தது. பில் டோரன்ஸ் (1906–1999), டாம் டோரன்ஸ் (1910–2003) என்ற சகோதரர்கள் வாகேரோ மரபைக் கையால் கற்றவர்கள். அவர்களுடைய கேள்வி ராரியினுடையது அல்ல. குதிரையை எப்படி அடங்கவைப்பது என்பதை விட்டு, இந்த நொடியில் குதிரைக்கு என்ன புரிந்திருக்கிறது என்று கேட்டார்கள். லகானில் சிறு அழுத்தம் கொடுத்துக் காத்திரு. காது திரும்பினாலும் எடை ஒரு பக்கம் சாய்ந்தாலும் அது முயற்சிதான். அதே கணத்தில் விட்டுவிடு. அழுத்தம் வழியைக் காட்டும், விடுவதுதான் கற்பிக்கும். 1960 வாக்கில் ஹோண்டோ என்ற முரட்டுக் குதிரையோடு திணறிய ரே ஹண்ட், டாமிடம் இதைக் கற்று, பின்னர் ஊர் ஊராகப் பயிற்சி முகாம்கள் நடத்தினார். அவருடைய நூல் 1978இல் வந்தது; டாமின் நூல் 1987இல்தான். ஹண்டின் மாணவர் பக் பிரானமன், ராபர்ட் ரெட்ஃபோர்டு 1998இல் எடுத்த ‘தி ஹார்ஸ் விஸ்பரர்’ படத்துக்கு ஆலோசகர் ஆனார். ‘நம்பிக்கை’ என்ற சொல் முகாம்களிலிருந்து சந்தைக்குப் போனது ஏறக்குறைய அப்போதுதான். அதற்கு முன்பே, 1989இல், குதிரைப் பயிற்சியாளர் மான்டி ராபர்ட்ஸ் எலிசபெத் ராணிக்கு முன் தம் முறையைக் காட்டியிருந்தார். வட்டப்பட்டிக்குள் குதிரையை ஓடவிட்டு, அது தானாக மனிதனிடம் வந்து சேரும்வரை காத்திருப்பது அது.

அந்த வட்டப்பட்டியைத்தான் அறிவியல் சோதித்துப் பார்த்தது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டிக்குள் ஆளுக்குப் பதில், தொலைவிலிருந்து இயக்கும் சிறு காரை விட்டார்கள். குதிரை விலகினால் கார் துரத்தும், நெருங்கினால் நிற்கும். குதிரைகள் காரை நெருங்கவும் கற்றுக்கொண்டன. நடத்தையியல் இதை எதிர்மறை வலுவூட்டல் என்கிறது: தொல்லை நீங்குவதே பரிசு. மனிதனை மந்தைத் தலைவனாகக் குதிரை ஏற்றுக்கொள்கிறது என்ற விளக்கம் இதனால் ஆட்டம் காண்கிறது. டோரன்ஸ் சகோதரர்களின் கைத்திறன் ஆட்டம் காணவில்லை. விடும் கணத்தைத் தவறவிட்டால் எதுவும் பதியாது என்று அவர்கள் சொன்னதைத்தான் ஆய்வகமும் உறுதி செய்தது.

பிரான்சின் ரென் நகர ஆய்வாளர்கள் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். சொன்னவுடன் அசையாமல் நிற்கவும் உடலைத் தொட இடம் கொடுக்கவும் இளங்குதிரைகளைத் தீனி கொடுத்துப் பழக்கினார்கள். அவை விரைவில் கற்றன, மனிதரைத் தேடி வந்தன, பல மாதங்கள் கழித்தும் பழகிய முறையை மறக்கவில்லை. நம்பிக்கை என்று சொல்லத்தக்க ஒன்றை அளக்க முயன்ற சோதனை இது. வாகேரோ வழிவந்தவர்கள் பெரும்பாலும் இதை ஏற்கவில்லை. கையில் தீனி கண்ட குதிரை கடிக்கப் பழகும் என்பது அவர்கள் வாதம். தடை நடைமுறையிலும் இருக்கிறது: மாடு மடக்கும் வேகத்தில் சேணத்திலிருந்தபடி வாயில் ஊட்ட முடியாது. அதனால் லாயத்தில், தரையில் நின்று பழக்கும் கட்டத்தில், லாடம் அடிக்கும்போதும் மருத்துவரிடமும் அடங்கி நிற்கக் கற்றுக்கொடுப்பதில் தீனிமுறை இடம்பிடித்திருக்கிறது. ஏறி உட்கார்ந்தபின் லகானும் காலும் தொடர்கின்றன.