சிவாரா: பமனா உழவரின் மான் முகமூடி

1. தோற்றக் கதை

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் வாழும் பமனா மக்களுக்கு உழவே உயர்ந்த தொழில். பாதி மனிதனும் பாதி விலங்குமான சிவாரா, தன் நகங்களாலும் கோலாலும் மண்ணைக் கிளறித் தங்கள் முன்னோருக்குப் பயிர்த்தொழிலைக் கற்றுக்கொடுத்தது என்பர். விளைச்சல் பெருகியதும் மனிதர் தானியத்தை வீணடித்தனர். மனம் வருந்திய சிவாரா மண்ணுக்குள் புதைந்துகொண்டது. அதன் நினைவாகச் செதுக்கப்படுவதே இம்முகமூடி.

2. உருவமும் பொருளும்

முகமூடி என்று நாம் சொன்னாலும் இது முகத்தை மூடுவதில்லை. பின்னிய குல்லாயில் பொருத்தித் தலையுச்சியில் அணிவர். முகத்தை மறைப்பது கருஞ்சாயமேற்றிய நார்த்திரை. செதுக்குவோர் 'நுமு' எனப்படும் கொல்லர்.

இதில் ஒரே விலங்கைத் தேடுவது வீண். நெடிய கொம்புகள் மறிமானுடையவை. தாழ்ந்த உடல் மண்ணைத் தோண்டி வாழும் ஆர்ட்வார்க்கினுடையது. சில உருவங்களில் அழுங்கின் சாயலும் உண்டு. ஓங்கி நிற்கும் கொம்பு, வளர்ந்த கம்பங்கதிரை நினைவூட்டும். சிவாரா ஆண், பெண் இணையாகவே அமையும். ஆணின் பிடரியில் துளையிட்டு அமைத்த வளைகோடுகளைச் சூரியனின் பாதை என்று விளக்கினார் ஆய்வாளர் டொமினிக் ஸஹான். பெண் உருவமோ, பமனாத் தாயர் பிள்ளையைச் சுமப்பதுபோலக் குட்டியை முதுகில் சுமக்கிறது.

ஆண் சூரியன், பெண் நிலம், ஆடும் நார் மழைநீர் என்பது ஆய்வாளர் தரும் பொருள். மூன்றும் கூடினால்தான் பயிர். ஆகவே ஒற்றை உருவத்தை வைத்துப் பொருள் சொல்வது பிழை என்பதே என் கருத்து.

3. வயலில்

இளைஞர் போட்டி போட்டு மண்வெட்டியால் கொத்துகையில், இணை ஆட்டக்காரர் குனிந்து குறுங்கோல்களை ஊன்றி, மானைப்போல் துள்ளி ஆடுவர். பெண்கள் பாடி ஊக்குவர். சிறந்த உழவனுக்குச் சிவாரா என்ற பெயரே பாராட்டாகும்.

4. வட்டார வேறுபாடு

சேகு பகுதியில் நிமிர்ந்த வடிவம். பமாகோ பகுதியில் கிடைவடிவம். தெற்கே புகுனியில் பல விலங்குகள் அடுக்கிய சிறுவடிவம்.

5. இன்றைய நிலை

இஸ்லாம் பரவியபின் பல ஊர்களில் சடங்கு மறைந்தது அல்லது ஊர்ப் பொழுதுபோக்காக மாறியது. வெளிநாடுகளுக்கு விற்கப்பட்டபோது பல இணைகள் பிரிந்தன. நாருடையும் பெரும்பாலும் உடன் செல்லவில்லை. அருங்காட்சியகங்கள் இணையைச் சேர்த்தே வைக்க வேண்டும். இயலாவிட்டால், இதற்கு ஒரு துணை உண்டு என்பதையாவது குறிப்புப் பலகையில் எழுத வேண்டும்.