மஞ்சள் இலை எல்லாம் யூரியா கேட்பதில்லை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் செய்திக்காகப் போகும்போது, வாளியிலும் உரப்பையிலும் கத்தரி, தக்காளி, பச்சை மிளகாய் வளர்க்கும் வீடுகளைப் பார்க்கிறேன். மீள்குடியேறிய குடும்பங்களுக்கு, குறிப்பாக ஒரு பெண்ணின் உழைப்பில் மட்டும் ஓடும் வீடுகளுக்கு, அது அழகுக்கு வைத்த செடியல்ல, அன்றாடக் கறி. 2021 இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. ஆனாலும் இலை மஞ்சளானதும் பலரும் தேடுவது யூரியாவைத்தான். செடிக்குத் தேவை வேறொன்றாக இருந்தால் அந்தக் காசு வீண்.

முதலில் சாடியின் அடியைப் பாருங்கள். துளை அடைபட்டுத் தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். வேர் அழுகிய செடிக்கு எந்த உரமும் உதவாது. மிளகாயின் குருத்து சுருண்டிருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அது பூச்சி, சிற்றுண்ணி அல்லது வைரசின் வேலை.

இவை எதுவும் இல்லையென்றால், மாற்றம் கீழ் இலையிலா, குருத்திலா என்று கவனியுங்கள். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவை குறைந்தால், செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். இரும்பும் கல்சியமும் அப்படி நகராதவை.

கீழ் இலையில் தெரிபவை:

- இலை முழுவதும் ஒரே சீராக வெளிறுதல்: நைதரசன். மக்கிய மாட்டெரு, கூட்டெரு போதும். யூரியா இட்டால் ஒரு சிட்டிகைதான். கூடினால் வேர் கருகும்.
- நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள்: மகனீசியம். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம்.
- ஓரம் தீய்ந்ததுபோல் காய்தல்: பொற்றாசியம். விறகுச் சாம்பல் சிறிதளவு உதவும்.
- செடி குன்றி, இலையின் அடிப்புறம் ஊதாவாதல்: பொசுபரசு.

குருத்திலும் காயிலும் தெரிபவை:

- இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்றல்: இரும்பு.
- தக்காளிக் காயின் அடி கறுத்து அமிழ்தல்: கல்சியம். பெரும்பாலும் ஒருநாள் காயவிட்டு மறுநாள் நிறையத் தண்ணீர் ஊற்றுவதால் வருவது. தினமும் அளவாக ஊற்றுங்கள்.

யாழ். குடாநாட்டில் இரும்புக் குறையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. அதையே ஊற்றிவந்தால் சாடி மண் காரமாகும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இத்தகைய சாடிக்குச் சாம்பல் போட்டால் நிலை மோசமாகும். மாரி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள், கூட்டெருவும் கலவுங்கள்.

யூரியாவை அளவோடு இட இன்னொரு காரணமும் உண்டு. செடி எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாக நிலத்தடி நீரில் கலக்கும். குடாநாட்டில் பல கிணறுகளில் இது ஏற்கெனவே கூடியிருக்கிறது. குடிப்பதும் அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும் செய்து, இரண்டு வாரம் பொறுங்கள். முற்றாக மஞ்சளான பழைய இலை பச்சைக்குத் திரும்பாது. புதிதாக வரும் இலையை வைத்தே முடிவுசெய்யுங்கள். அதுவும் தேறாவிட்டால் ஒரு கிளையை முறித்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். உரக்கடைக்குப் போவது அதற்குப் பிறகு.